அச்சம் அழியாமை விதி: சாலைக் கொல்லைக் கோழிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அச்சத்துக்கும் இதே விதி பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஒரு கொல்லைப்புறத்தில் உள்ள மொத்த அச்சத்தின் அளவு மாறாதது. கோழி பயப்படாவிட்டால் அந்தப் பயத்தை வளர்ப்பவர்தான் பட்டுத் தீர்க்க வேண்டும். நாட்டுக்கோழி வளர்த்த பாட்டி படுத்ததும் உறங்கினாள். ஹேச்சரிக் கோழி வளர்க்கும் பேரன் நடுராத்திரியில் டார்ச்சும் கையுமாகக் கொல்லையில் நிற்கிறான். இடையில் நடந்தது என்ன என்று ஆராயப் பல்கலைக்கழகங்கள் எதுவும் முன்வராததால் இப்பணி இவ்வாய்வாளன் தலையில் விழுந்தது.

ஆய்வுக்களம் திருவனந்தபுரம் சாலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய கடைத்தெரு. பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் பேசி விலை படியும் இடம். கடைகளுக்குப் பின்னால், சந்துக்குள் சந்தாகப் போனால், முன்வாசலிலிருந்து ஊகிக்கவே முடியாத கொல்லைகள் சில இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒரு கிணறு, ஒரு முருங்கை, இரண்டு தென்னை, துவைக்கிற கல், அதை ஒட்டிக் கோழிக்கூடு. வலியசாலையின் அக்கிரகாரத் தெருக்கள் வேறு காரணங்களால் ஆய்வுப் பரப்பில் சேரவில்லை. இக்களத்தைத் தேர்ந்ததற்கு இன்னொரு வசதியும் உண்டு: கோழி சம்பந்தமான எந்தப் பயத்துக்கும் மருந்தென்று நம்பப்படும் சரக்கு இங்கே மொத்த விலையில் கிடைக்கும்.

கோழிகளை இரண்டாகப் பிரிக்கலாம்: தாய் உள்ளது, தாய் இல்லாதது. விலங்கியலார் இந்தப் பகுப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கொல்லையில் கோழி வளர்த்ததில்லை. தாயில்லா வகையில் பிவி 380, மண்ணுத்தியில் உருவான கிராமலட்சுமி, ஹைதராபாத்திலிருந்து வந்த கிராமப்ரியா, வனராஜா எல்லாம் அடங்கும். நகரவாசிகளுக்குக் கூட்டோடு கோழி தரும் 'நகரப்பிரியா', பள்ளிப் பிள்ளைகளுக்குக் குஞ்சு கொடுக்கும் 'குஞ்ஞு கைகளில் கோழிக்குஞ்ஞு' என்று கேரள அரசின் கோழி வளர்ச்சிக் கழகமான கெப்கோவே திட்டம் போட்டு இவற்றை வீடுகளுக்குள் அனுப்பியிருக்கிறது.

தாயில்லாக் கோழியின் பிறப்பை உற்றுநோக்க வேண்டும். ஏறத்தாழ 37.5 டிகிரி சூட்டில், முட்டையை மணிக்கணக்குப்படி புரட்டிக் கொடுக்கும் இயந்திரத்துக்குள், 21 நாளில் குஞ்சு பொரிகிறது. மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இருப்பதால் மூன்று நாள் வரை தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். அட்டைப்பெட்டியில் பஸ்ஸும் லாரியும் ஏறி அது ஊர் வந்து சேர்வது இந்தக் கட்டுச்சோற்றை நம்பித்தான். வந்த இடத்தில் அதற்குத் தாய் ஒரு குண்டு பல்பு. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும் என்று கணக்கு. பல்பு கணகணவென்று சூடு தரும். பருந்தைக் காட்டித் தராது.

பாட்டியின் கோழியோ பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு வேண்டாத நேரத்தில் உட்கார்ந்தால் பாட்டி அதைக் கிணற்றடி வாளியில் முக்குவாள். அதற்கும் மசியாவிட்டால் அதன் இறகையே பிடுங்கி அதன் மூக்கில் செருகிவிடுவாள். இவ்வளவு வதையும் தாய்மையைத் தெளியவைக்கத்தான். ஹேச்சரிக்காரர்கள் நல்லவர்கள், யார் மூக்கிலும் எதையும் செருகவில்லை. அடைக்கு உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம்சேர்த்து, தாய்மையை ரத்தத்திலேயே தெளியவைத்துவிட்டார்கள். ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டை வந்த இடத்தில் பிவி 380 முந்நூறை ஒட்டித் தருகிறது. எந்த முட்டைக்கும் அம்மா இல்லை.

பருந்தின் விஷயத்துக்கு வருவோம். சாலையில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் தம் நாவல் ஒன்றுக்கு 'கிருஷ்ணப் பருந்து' என்றே பெயர் வைத்தார். செம்பழுப்பு இறக்கையும் வெள்ளைக் கழுத்துமாகப் பத்மநாபசுவாமி கோவில் பக்கம் அது வட்டமிட்டால் தெருவில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதே வினாடி, அதே பறவையைக் கண்டு, அதே வீட்டுக் கொல்லையில் தாய்க்கோழி கிறீச்சிட, குஞ்சுகள் அதன் வயிற்றுக்கடியில் காணாமல் போகும். ஒரே பொருளைக் குறித்து இறையியலும் கோழியியலும் இத்தனை முரண்படுவது வேறெங்கும் இல்லை.

கோழியியலுக்கு மேல்நாட்டுச் சான்றும் உண்டு. 1937-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் லோரென்சும் டின்பெர்கனும் அட்டையில் வெட்டிய பறவை உருவத்தைக் கம்பியில் ஓட்டிப் பார்த்தார்கள். கழுத்து குட்டையாகத் தெரியும் திசையில் நகர்த்தினால் பருந்து என்று இளம் பறவைகள் பதறின. அதையே திருப்பி ஓட்டினால் வாத்து என்று சும்மா இருந்தன. இது பிறவிக்குணமா பழக்கமா என்று பின்னால் வந்தவர்கள் நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். 1993-இல் எவன்ஸ், மார்லர் குழுவினர் வானத்துப் பகைவனுக்கு ஒரு குரல், தரையில் வரும் பகைவனுக்கு வேறு குரல் என்று கோழிக்கு இரண்டு அபாயக் குரல் இருப்பதைச் சோதித்துக் காட்டினார்கள். குரல் ஹேச்சரிக் கோழிக்கும் உண்டுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். உண்டு. கூப்பிட்டால் ஓடி வரக் குஞ்சும், ஓடி ஒளிய வயிறும் வேண்டாமா? தகரக் கூரை போட்ட ஹைடெக் கூட்டுக்குள், சரிந்த கம்பித் தரையில் முட்டை தானாக உருண்டு முன்னால் வர, நிப்பிளில் தண்ணீர் சொட்ட வளரும் பறவைக்கு வானம் என்பதே கேள்விப்பட்ட விஷயம்.

இனிப் பாம்பு. கோழிக்கூட்டுக்கு வருகிறவற்றில் முதல் மரியாதை சாரைக்கு. மலையாளத்தார் சேர என்பார்கள். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும், விஷம் கிடையாது, எலி, குஞ்சு, முட்டை எதுவும் விலக்கில்லை. நல்ல பாம்பும் முட்டைக்கு வரும். கண்ணாடி விரியன், இங்கே அணலி, பெரும்பாலும் எலிக்காகவே வருகிறது. கிள்ளியாற்றில் தண்ணீர் ஏறும் மாதங்களில் எல்லாருக்கும் மேட்டுநிலம் தேவைப்படும்.

களஆய்வில் கிடைத்த முதன்மைத் தரவு இது. 'கோழிவலை' என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலை அடித்த கூடு. சாரை ஒன்று உள்ளே புகுந்து ஒரு முட்டையை முழுசாக விழுங்கிவிட்டு, வந்த கண் வழியாகவே திரும்பப் பார்த்திருக்கிறது. முன்பாதி வெளியே, முட்டை வீங்கிய இடம் கம்பியில் இறுகி நிற்க, பின்பாதி உள்ளே. வலையின் பெயர்க்காரணம் அப்போதுதான் விளங்கிற்று: அது கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். உள்ளே நின்ற பிவி 380 நெளிகிற வால் நுனியை ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணாலும் பார்த்து, ஒரு கொத்து கொத்தி, உண்ணத்தக்கதல்ல என்று முடிவுகட்டித் தீவனத்துக்குத் திரும்பியது. தகவலாளர், வெங்காய மண்டி அண்ணாச்சி, துவைக்கிற கல்லின்மேல் நின்றிருந்தார்.

"சேரயாக்கும். விசம் கெடையாது."

"அப்ப நீங்க எதுக்கு அண்ணாச்சி கல்லுமேல நிக்கியோ?"

"கோழி பயப்படலேல்லா? யாராவது ஒருத்தன் பயப்படாண்டாமா?"

அச்சம் அழியாமை விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இவ்வாய்வாளனால் இயலாது.

தடுப்பு முறைகளில் பூண்டை நசுக்கித் தெளிப்பது தலையாயது. பெருங்காயம் கரைத்து ஊற்றுவாரும் உளர். இதைச் சோதிக்கத் தனியாக ஆய்வுக்கூடம் கட்ட வேண்டியதில்லை, சாலையே ஆய்வுக்கூடம். மூட்டை மூட்டையாகப் பூண்டும் பெருங்காயமும் அடுக்கிய தெரு இது. அந்த வாசனைக்குப் பாம்பு அஞ்சுமென்றால் இங்கே ஒரு பாம்பும் தலைகாட்டக் கூடாது. ஆனால் கிட்டங்கியில் எலி இருக்கிறது, எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கொல்லையிலும் அதே கணக்குத்தான். ஒரு கோழி நாளைக்கு 110, 120 கிராம் தீவனம் தின்னும். சிந்தியது எலிக்கு, எலி பாம்புக்கு.

பக்திக் கோணத்தையும் விடக் கூடாது. சாலைத் தமிழர் பலருக்கு நாகர்கோவில் பக்கம் வேர் உண்டு. அந்த ஊர்ப் பெயரே நாகராஜா கோவிலால் வந்தது. ஆயில்யத்தன்று பாம்புக்கு நேர்ந்துகொள்கிறோம், புற்றைத் தேடிப்போய்ப் பாலும் முட்டையும் வைக்கிறோம். நமக்கு அலைச்சல் வைக்காமல் அதுவே வீடு தேடி வந்து முட்டையை எடுத்துக்கொண்டால் கம்பைத் தேடுகிறோம். இந்த முரண்பாட்டைப் பாம்பு எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

எட்டுக்காலியைச் சுருக்கமாக முடிக்கலாம். கூட்டுக் கூரையின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஒட்டியிருக்கும் பழுப்புச் சிலந்தி வலை கட்டாது, இரவில் கரப்பானை ஓடிப் பிடிக்கும். கடித்தால் வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனாலும் முட்டை எடுக்கப் போன மனிதர் அதைக் கண்டு முட்டையைக் கீழே போட்டுவிட்டு வருவது இப்பகுதியில் வழக்கம். பழைய மருத்துவம் இந்தப் பயத்துக்கு அடித்தளம் போட்டிருக்கிறது: சுஸ்ருத சம்ஹிதை சிலந்தியைப் பதினாறு வகையாகப் பிரித்து, அதில் எட்டின் விஷம் தீராது என்கிறது. கோழியின் வகைப்பாட்டில் ஒரே வகைதான், தின்பது. கூரையிலிருந்து தவறி விழுந்த சிலந்தி தரையைத் தொட்டதற்குச் சான்றில்லை. இனப்பெருக்கக் காலத்தில் பெண் சிலந்தி நாணயம் போன்ற தட்டையான வெள்ளை முட்டைப் பையை வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டே திரியும். அத்தனை முட்டைக்கோழிகள் இருக்கும் கூட்டில் அடைகாக்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

ஹேச்சரிக் கோழி நம் மண்ணைச் சேர்ந்ததல்ல, அதனால்தான் நம் பாம்பை அதற்குத் தெரியவில்லை என்றொரு மாற்றுக் கருதுகோள் தேநீர்க்கடைகளில் நிலவுகிறது. அது தவறு. கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். அந்தக் காட்டுக்கோழி தென்னிந்தியக் காடுகளில், நம் அகத்தியமலையிலும் மேய்கிறது. ஆக, பிவி 380-இன் மஞ்சள் கால் பொதிகைச் சொந்தம். ஊர் தெரியாதது இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததுதான் குறை.

வாசகர்களுக்கு: பொழுது சாய்வதற்குள் முட்டையை எடுத்துவிடுங்கள். தீவனத்தை மூடியுள்ள டின்னில் வையுங்கள். அரை அங்குலத்துக்கு மேற்படாத சதுரக் கண் கம்பிவலை அடியுங்கள். பாம்பு வந்தால் அடிக்காதீர்கள், கேரள வனத்துறையின் 'சர்ப்ப' செயலியில் தெரிவித்தால் பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடித்துப் போவார்கள். கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை என்று நிற்காமல் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அச்சத்தை அதன் பழைய சொந்தக்காரரிடமே ஒப்படைக்கவும் வழி உண்டு. அடைக்கு அமர்ந்த நாட்டுக்கோழியின் இறக்கைக்கடியில், ராத்திரி இருட்டில், ஒரு நாள் வயதுள்ள ஹேச்சரிக் குஞ்சுகளை மெல்ல நுழைத்துவிட்டால் விடிந்ததும் பெரும்பாலும் தன் குஞ்சென்றே வளர்க்கும். சாலைப் பக்கம் அப்படியொரு அடைக்கோழி யாரிடமாவது இருந்து இரவல் தரச் சம்மதமானால் தெரிவிக்கவும். பஞ்சாரம் இவ்வாய்வாளனிடம் இருக்கிறது.