ஒரு சிட்டிகைப் பெருங்காயம்: மயிலாப்பூர் அடுக்களையில் கோதுமையின் தலைமறைவு வாழ்க்கை பற்றி ஓர் ஆய்வு

உங்கள் வீட்டில் கோதுமை புழங்குகிறதா என்று மாட வீதிப் பக்கம் எந்த மாமியைக் கேட்டாலும், "சப்பாத்தி பண்ற அன்னிக்கு மட்டும்" என்றுதான் பதில் வரும். அறிஞர் உலகம் இதுவரை இந்தப் பதிலை மறுத்ததில்லை. மறுக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை என்பதே காரணம். அந்தக் குறையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எடுகோள். மயிலாப்பூரில் வளர்ந்த ஒருவனுக்கு டெல்லி கரோல் பாக்கில் வளர்ந்த தமிழ்ப்பெண் மனைவியாக வாய்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவளுடைய சிறுகுடலின் மீதே பாயும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். வயிற்றுப்போக்கு, சோகை, எலும்புத் தேய்மானம் என்று பின்விளைவுகள் நீளும். மருந்து கிடையாது, ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் வைத்தியம். வீட்டில் சமையல் கணவன் பொறுப்பு, மேற்பார்வை அவன் அம்மா பொறுப்பு. கடைசி எடுகோள் இல்லாவிட்டால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

இனி முன்னோர் ஆய்வுகள். 1887-இல் லண்டன் சிறுவர் மருத்துவமனையில் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். சாப்பாட்டில்தான் தீர்வு என்பதையும் ஊகித்தார். எந்தச் சாப்பாடு என்பது மட்டும் பிடிபடவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துத் தேற்றினார்; புகழ் வாழைப்பழத்துக்குப் போயிற்று. கோதுமைதான் குற்றவாளி என்று நிறுவியவர் நெதர்லாந்தின் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் ரொட்டியே கிடைக்காமல் ஊர் முழுக்கப் பட்டினி கிடந்தபோது, இந்நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறிவந்தார்கள். அவருடைய ஆய்வேடு 1950-இல் வெளிவந்தது. சென்னையில் அதே காலத்தில் நிலைமை தலைகீழ். 1942-இல் பர்மா ஜப்பான் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, ரேஷனில் கோதுமை வந்து, 'இதை என்ன செய்வது' என்று சமையலறைகள் விழித்துக்கொண்டிருந்தன.

இந்தியத் தரவு இன்னும் சுவையானது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணாவும் கூட்டாளிகளும் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேருக்குச் சீலியாக், தெற்கே 0.11. இந்த நோய்க்கு வழிவிடும் மரபணுவோ வடக்கே 38.1 சதவீதத்தினரிடமும் தெற்கே 36.4 சதவீதத்தினரிடமும் இருந்தது, ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். ஆக, தெற்கத்தி மனிதரைக் காத்துவந்தது சாதம் என்று சொல்ல இடமிருக்கிறது. இதே காரணத்தால்தான் சீலியாக் என்றால் இங்கே சொந்தபந்தத்தில் யாருக்கும் புரிவதில்லை. சர்க்கரை வியாதி என்றால் காபியில் சர்க்கரையைக் குறைக்கத் தெரிந்த மாமாவுக்கு, இதைக் கேட்டால் 'அல்சர் மாதிரியா?' என்றுதான் கேட்கத் தோன்றும்.

இப்போது மையப் பிரச்சினை. சப்பாத்தி, பூரி, ரவா தோசை, சேமியா பாயசம், பாதுஷா இவையெல்லாம் வெளிப்படையான எதிரிகள், வாசலிலேயே நிறுத்திவிடலாம். உளவாளி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், சின்ன டப்பாவில் உட்கார்ந்திருக்கிறது.

ஈரான், ஆப்கானிஸ்தான் மலைகளில் வளரும் ஃபெருலா செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால்தான் பெருங்காயம். அசல் பிசின் அப்படியே போட முடியாத காரம், கையில் ஒட்டும். அதனால் மைதாவும் அரபுப் பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக்கி விற்கிறார்கள். மாவு சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. கலப்படம் என்று யாரையும் குறைசொல்ல வழியில்லை. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலான டப்பாக்களில் கோதுமை மாவு இருக்கும். கட்டிப் பெருங்காயம் சுத்தமானது என்றொரு நம்பிக்கை உண்டு. கட்டியிலும் மாவு உண்டு, கட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"ஒரு சிட்டிகைதானேடா, அது என்ன பண்ணிடப் போறது?" என்கிறார் அம்மா. ஆய்வுலகம் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி இது. கணக்குக்காக, நாலு பேர் சாம்பாரில் கால் கிராம் பெருங்காயத்தூள் என்று கொள்வோம்; அதில் பாதி மாவு; மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். பாத்திரம் முழுக்கப் பன்னிரண்டரை மில்லிகிராம், ஒரு தட்டுக்கு மூன்று. குளூட்டன் இல்லாதது என்று முத்திரை குத்த அனுமதிக்கப்படும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இருநூறு கிராம் சாம்பாரில் மூன்று என்றால் கிலோவுக்குப் பதினைந்து. தனியாக வழக்காடினால் சாம்பார் தப்பிவிடும்! ஆனால் மயிலாப்பூரில் சாம்பார் தனியாக வருவதில்லை. பின்னாலேயே ரசம், கூட்டு, நீர்மோர், எலுமிச்சை ஊறுகாய், ராத்திரி தோசைக்கு மிளகாய்ப்பொடி. நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் வரை பெரும்பாலோருக்குப் பாதகமில்லை என்பது மருத்துவர்களின் பொதுக் கருத்து. நாலாவது ஐட்டத்திலேயே அந்தக் கோட்டைத் தாண்டியாகிவிட்டது. இத்தாலியில் கார்லோ கட்டாசி குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் உட்கொண்டவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. அம்மாவின் சிட்டிகை எத்தனை கிராம் என்பது அம்மாவுக்கே தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் பொரிந்ததும் போய்விடாதா என்ற மேல்முறையீடும் தள்ளுபடி; சூட்டில் குளூட்டன் போகாது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் இப்போது கிடைக்கிறது. மாற்று டப்பா ஒன்று வாங்கினால் தீர்ந்தது. பழைய டப்பா காலியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்வது வேறு விஷயம்.

அடுத்த களம் மாவு மில். மிளகாய்க்கு அங்கே தனி மெஷின் உண்டு. அரிசி மாவில் சிவப்பு தெரிந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கோதுமைக்கும் அரிசிக்கும் பெரும்பாலும் ஒரே மெஷின்தான். வெள்ளையில் வெள்ளை கலந்தால் யாருக்குத் தெரியும்? முன்னால் நிற்பவர் தூக்கில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் நம் கணவனுக்கு வந்துவிடுகிறது. "முன்னாடி போனது கோதுமைதான் சார், நாலு பிடி அரிசி போட்டுக் கழிச்சுட்டா சரியாயிடும்" என்கிறார் மில்காரர். நாலு பிடியில் கழியுமா என்பதற்குத் தரவு இல்லை. மெஷினின் சட்டத்திலும் துணிக்குழாயிலும் படிந்திருக்கும் மாவைப் பார்த்தபின், மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்வதென்று முடிவாகிறது. சல்லடை? அதில் போன தீபாவளிக்கு மைதா சலித்திருக்கிறார்கள். ரங்கநாதன் தெருவுக்குப் போய்ப் புதுச் சல்லடை, புதுத் தோசைக்கல், புது மரக்கரண்டி. சப்பாத்தி போட்டுப் பழகிய கல்லை வெங்காயம் தேய்த்தால் ஆயிற்று என்பார் அம்மா. வெங்காயம் கல்லைப் பழக்கும்; குளூட்டனை விரட்டாது.

ஓட்டலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ரவா தோசை வார்த்த கல்லைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, அதன்மேலேயே சாதா தோசை வார்ப்பார்கள். கல் ஒன்று, துடைப்பமும் ஒன்று.

மாற்றுச் சமையலில் தமிழ் வீட்டுக்குப் பெரிதாகக் கஷ்டமில்லை. ரவா உப்புமாவின் இடத்தில் வெண்கலப் பானை அரிசி உப்புமா வந்தால், அது நஷ்டமில்லை, பதவி உயர்வு. கோதுமை அல்வாவுக்குப் பதில் காசி அல்வா. பாதுஷாவுக்குப் பதில் ஜாங்கிரி, உளுந்துதான் அதன் மூலப்பொருள். இழுத்தால் நீளும் குணம் மட்டும் அரிசி மாவுக்குக் கிடையாது. அந்த இழுவையைத் தருவதே குளூட்டன். இதற்கும் நம் பாட்டிகள் விடை வைத்திருந்தார்கள். கொதிக்கும் தண்ணீரில் அரிசி மாவைக் கொட்டிக் கிளறினால் மாவுச்சத்து வெந்து பசையாகும். எண்ணெய் தொட்டுக் கிண்ணம் செய்து பூரணம் வைத்து மூடலாம். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையின் மேல்மாவு, குளூட்டனை ஏய்க்கும் பழைய பொறியியல். பரோட்டாவுக்கு மட்டும் இந்த ஆய்வாளரிடம் பதில் இல்லை.

எதிர்பாராத கண்டுபிடிப்பு பஞ்சாங்கத்திலிருந்து வருகிறது. ஏகாதசியன்று அரிசி கூடாது. அன்று வீட்டில் பலகாரம், அதாவது ரவா உப்புமா, கோதுமைக் கஞ்சி, சப்பாத்தி. வீடே விரதம் இருக்கும் நாள் மருமகளுக்கு ஆபத்தான நாள். அன்று அவளுக்கு ஜவ்வரிசி உப்புமாவும் பழமும். திவசச் சமையலிலோ பல வீடுகளில் பெருங்காயம் சேர்ப்பதே இல்லை. மிளகாய்க்குப் பதில் மிளகு. அப்பத்துக்குக் கோதுமை மாவு சேர்க்கும் வழக்கம் இல்லாத வீடானால், வருஷத்திலேயே அவள் நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய சாப்பாடு பித்ருக்களுக்குப் போட்டதுதான். இதே பேட்டையில், கொஞ்சம் கிழக்கே சாந்தோம் தேவாலயத்தில், பிரச்சினை வேறு. நற்கருணை அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும். குளூட்டன் குறைவாக இருக்கலாம், அறவே இல்லாதது செல்லாது என்று 2017-இல் வத்திக்கான் மறுபடியும் தெளிவுபடுத்தியது. பெருங்காயத்தில் மாமியார் காட்டும் உறுதி தனித்தன்மை உடையதல்ல என்பதற்கு இது ஒப்பீட்டுச் சான்று.

தீராத ஆய்வுச் சிக்கல் நவராத்திரி. வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் வந்து இறங்கியதும் ஒன்பது நாள் வெற்றிலை பாக்குக்கு அழைப்பு. போகும் வீட்டிலெல்லாம் சுண்டல் பொட்டலம். கடலை, பட்டாணி, மொச்சை எல்லாம் நல்லவை, தாளிப்பில் பெருங்காயம். "மாமி, எந்தப் பெருங்காயம் போட்டேள்?" என்று கேட்டுவிட்டு அந்த வீட்டில் மறு வருஷம் தாம்பூலம் வாங்க முடியாது. ஆகவே அவள் சிரித்த முகமாக வாங்கிக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும் பொட்டலம் கணவனிடம் போகிறது. ஒன்பது நாளும் இரண்டு பங்குச் சுண்டல் சாப்பிட்டவனுக்கு விஜயதசமியன்று வயிறு உப்புசம். அம்மா மோரில் பெருங்காயம் கரைத்துக்கொண்டு வருகிறார், காலியாகும்வரை காத்திருக்கச் சொன்ன அந்தப் பழைய டப்பாவிலிருந்து.