தன்னடக்கம் மிக்க கமக்காரர்

என் அப்பு இணுவிலில் மூன்று பரப்புத் தோட்டத்தில் புகையிலை நட்டவர். துலா மிதிக்க விடிய நாலு மணிக்கு எழும்புவார். எழுபது வயதில் முதுகு வில்லாய் வளைந்துபோனது. பாவம், அவருக்குக் கமம் செய்யத் தெரியவில்லை. அதை நான் ஒன்ராறியோவின் பிக்கரிங்குக்கு வந்த பிறகுதான் அறிந்துகொண்டேன்.

இங்கே நான் போற்றும் கமக்காரர் மண்ணைத் தொடுவதே இல்லை. சோளமும் சோயாவும் குத்தகைக்காரர் பாடு. இவர் நூற்றுக்கணக்கான ஏக்கரை வாங்கிப்போட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார். முனிவர்கள் செய்ததும் அதைத்தானே.

இந்தத் தவத்துக்கு ஒன்ராறியோ அரசு வரம் கொடுக்காமல் விடுமா? வீடுகளுக்குள்ள வரிவீதத்தில் காற்பங்குக்கு மேல் விவசாயக் காணிக்கு விதிக்கக் கூடாது என்பது இங்குள்ள ஏற்பாடு. அந்தக் காணியில் நடக்கும் பண்ணை ஆண்டுக்கு 7,000 டொலராவது உழைக்க வேண்டும், முறைப்படி பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குத்தகைக்காரரின் பதிவு எண்ணைக் காட்டினால் ரொறன்ரோ நகர நடுவே நாற்பதாம் மாடியில் இருப்பவருக்கும் சலுகை உண்டு. உழுகிறவன், உழாதவன் என்று பேதம் பார்க்காத இந்தச் சமத்துவத்தை வேறெங்கு காண்போம்? காணியின் பெறுமதியை மதிப்பிடும்போதும் அதே கருணை. நாளை அங்கே வீடு எழும்பினால் என்ன விலை போகும் என்ற அற்பக் கேள்வி எழாது. ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்கு என்ன விலைக்கு விற்பாரோ, அதுதான் கணக்கு.

நானும் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். முழு வரியும் கட்டுகிறேன். 7,000 டொலருக்குக் காய்க்காதது என் கத்தரியின் குற்றம்.

உழாமலே விவசாயியாகத் தமிழ்நாட்டிலும் சிலர் முயன்றார்கள். 2020இல் விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பிரதமர் கிசான் திட்டத்தில், தகுதியில்லாதவர்கள் பெயரைப் பதிந்து 110 கோடி ரூபாய் எடுத்ததாகக் கண்டுபிடித்துப் பலரைக் கைது செய்தார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு 6,000 ரூபாய்க்குப் போய்ப் பொய்க் கையெழுத்தா? எவ்வளவு பட்டிக்காட்டுத்தனம்! எங்கள் ஆள் ஒரு பொய்யும் சொல்வதில்லை. சட்டமே அவருக்காகப் பேசும்போது அவர் ஏன் வாய் திறக்க வேண்டும்?

இவரது பயிர் 2022இன் கடைசியில் விளைந்தது. டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பு நிலம் என்று எங்கள் ஊரில் ஒன்று உண்டு. எழுபதுகளில் மாகாண அரசு சுவீகரித்து, பின்னாளில் 'எக்காலத்துக்கும் விவசாயத்துக்கே' என்ற நிபந்தனையோடு விற்ற காணி அது. 2005இல் அந்த நிபந்தனைக்குத் தனிச் சட்டமே போட்டார்கள். கைமாறிக் கைமாறி அதில் பெரும்பகுதி காத்திருக்கத் தெரிந்தவர்களிடம் வந்தது. டக் ஃபோர்ட் அரசு அந்தச் சட்டத்தை நீக்கியது. வீடு கட்டத் தடையுள்ள கிரீன்பெல்ட் என்ற காப்பு வலயத்திலிருந்து 7,400 ஏக்கர் வெளியே வந்தது, அதில் மிகப் பெரிய துண்டு எங்களுடையது. எக்காலம் என்பது பதினேழு வருடம் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. விடுபட்ட காணிகளின் மதிப்பு 8.28 பில்லியன் டொலரால் ஏறக்கூடும் என்று 2023 ஆகஸ்டில் மாகாணக் கணக்காய்வாளர் சொன்னார். அப்புவின் புகையிலை ஒரு போகத்திலும் இப்படி விளைந்ததில்லை.

பிறகு ஊர்க்கண் பட்டுவிட்டது. செப்டெம்பரில் வீடமைப்பு அமைச்சர் பதவி விலகினார், முதல்வர் மன்னிப்புக் கேட்டார், ஆண்டு முடிவதற்குள் காணி பழையபடி காப்புக்குள் போனது. வேறொருவர் என்றால் இடிந்துபோயிருப்பார். இவர் அசையவில்லை. கட்சிகள் மாறும், தேர்தல் வரும், சோளம் வருடா வருடம் முளைக்கும், வரியும் காற்பங்குதான்.

போன புரட்டாதியில் அந்தப் பக்கம் போனபோது டிராக்டரை நிறுத்திவிட்டு ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடமும் இங்கேதானா என்று கேட்டேன். குத்தகை வருடத்துக்கு வருடம், இனித்தான் தெரியும் என்றார். காணிக்காரர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் கண்டதில்லையாம்.

அவ்வளவு தன்னடக்கம்.