கையசைத்தால் வழி விட்டதாகுமா?

கேள்வி: நண்பனும் நானும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு அயர்லாந்து கிராமங்களைச் சுற்றப் போகிறோம். முன்பின் தெரியாதவர்கள்கூட அங்கே கையசைப்பார்களாமே! அப்படியென்றால் வயல்வெளியில் இஷ்டப்படி நடக்கலாம்தானே?

பதில்: கையசைப்பு வணக்கம்தான், பட்டா அல்ல! ஒரு கார் போகிற அகலமே உள்ள சாலையில் எதிரே வருபவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அது நிஜமான சிநேகம். நீங்களும் கையை உயர்த்துங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கணக்கு வேறு. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடப்பவருக்குப் பிறர் நிலத்திலும் பெரும்பாலும் உரிமை தருகிறது. அயர்லாந்தில் அப்படியொரு பொது உரிமை கிடையாது. குறியிட்ட நடைபாதைகளே பல இடங்களில் நிலக்காரர் சம்மதத்தில்தான் போகின்றன. இவ்வளவு அன்பானவர்களுக்கு இதில் மட்டும் ஏன் கஞ்சத்தனம் என்று கேட்கலாம். கஞ்சத்தனமே இல்லை. தலைமுறை தலைமுறையாக நிலப்பிரபுக்களுக்குக் குத்தகை அளந்து, முடியாதபோது குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். 1903-ஆம் ஆண்டு வின்டம் சட்டம் வந்த பிறகுதான் குத்தகைக்காரர்கள் பெருமளவில் நிலத்தை விலைக்கு வாங்க முடிந்தது. அப்படிக் கைக்கு வந்த மண்ணில் கேட்காமல் கால் வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதனால் நடைபாதையைக் காட்டும் மஞ்சள் நிற நடைமனிதன் குறியை விட்டு விலகாதீர்கள். கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.