மணல் தரையில் ஒரு ஜேம்ஸ்பாண்ட்

சென்னையில் நடிகர் ஜெய்சங்கருக்கு வெள்ளிக்கிழமை நாயகன் என்று பேர். அவர் படம் ஏதாவது ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிக்கொண்டே இருந்ததால் ஒட்டிக்கொண்ட பேர் அது. எங்கள் ஊர் மகாராஜபுரத்தில் எங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமைக் கணக்கு கிடையாது. மதுரையில் ஓடி, விருதுநகரில் ஓடி, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓடி முடித்து, பெட்டி எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும்போது படம் பழசாகிப் போயிருக்கும். முதல் காட்சியிலிருந்து கடைசி வரை திரையில் மழை பெய்யும். அந்த மழைக்குள் கோட்டு சூட்டு போட்டு, கையில் துப்பாக்கியோடு ஜெய்சங்கர் வருவார். பின்னால் உட்கார்ந்திருப்பவன் விசிலடித்தால் முன்னால் இருப்பவன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் கொட்டகையின் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டதும் ஊரில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பாட்டு நான்கு தோப்பு தாண்டிக் கேட்கும். வயலில் நின்றவர்கள் கை கால் கழுவிக்கொண்டு அப்படியே வருவார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். தரை டிக்கெட்டில் உட்காருகிறவன் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்காருவான். பின்னால் இருப்பவன் அதைக் காலால் தட்டிக் கலைப்பான். அங்கே ஒரு சண்டை. ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். கொள்ளைக்கூட்டத் தலைவனின் அறைக் கதவை ஜெய்சங்கர் உதைத்துத் திறக்கிற நேரமாகப் பார்த்து ரீல் தீரும். அடுத்த ரீல் மாட்டுகிற வரைக்கும், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நாங்கள் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருப்போம். முறுக்கு விற்கிற அண்ணன் நேற்றே படம் பார்த்தவர். அவரிடம் கேட்டால், "காசு கொடுத்திருக்கேல்ல, பாருடா தம்பி" என்பார்.

ஜெய்சங்கர் திரைக்கு வந்தது 1965 பொங்கலுக்கு. ஜோசப் தளியத் இயக்கிய 'இரவும் பகலும்'. அதே பொங்கலுக்கு எம்.ஜி.ஆருக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை', சிவாஜிக்கு 'பழநி'. அந்த இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு புது ஆள் நுழைந்து தனக்கென்று இடம் பிடித்தது சாதாரணக் காரியமில்லை. மறு வருஷமே, 1966இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அவரை வைத்து 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' இரண்டையும் எடுத்தது. பிறகு 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்', 1972இல் 'கருந்தேள் கண்ணாயிரம்' என்று தொடர்ந்தது. இன்னொரு பக்கம் ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்தில் 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா' என்று தொப்பியும் குதிரையுமாகக் கௌபாய் படங்கள். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பட்டம் போட்டுச் சுவரொட்டி ஒட்டினார்கள். உண்மையான ஜேம்ஸ்பாண்டை நாங்கள் பார்த்தது கிடையாது. அதனால் ஷான் கானரியை வெகுகாலம் கழித்துப் பார்த்தபோது, ஜெய்சங்கர் மாதிரி செய்கிறாரே என்றுதான் தோன்றியது.

அந்தப் படங்களில் வருகிற குகைகளை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சுவர் சுழலும். தரை பிளக்கும். மேசையில் வரிசையாக பல்புகள் அணைந்து அணைந்து எரியும். அந்த பல்பு எதற்கு எரிகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். 'வல்லவன் ஒருவன்' கறுப்பு வெள்ளைப் படம். ஆனாலும் அந்த பல்பு சிவப்பா பச்சையா என்று எனக்கும் என் கூட்டாளிக்கும் தர்க்கம் நடந்தது. பொறிகள் எல்லாம் ஒட்டுப்பலகை என்பது சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும்; ஒரு அடி விழுந்தால் பாறை ஆடும். ஆனால் ஜெய்சங்கரின் முகத்தில் அது ஒட்டுப்பலகை என்பதற்கான அடையாளமே இருக்காது. மெய்யான இரும்புக் கதவின் முன் நிற்பவர் போலத்தான் நிற்பார். ஐந்து பேர் சுற்றி நின்று அடிக்கும்போது, ஒருவர் அடித்து முடித்த பிறகே அடுத்தவர் வருவார். அவர்களில் ஒவ்வொருவரையும் அவர் உயிருக்கு ஆபத்தான எதிரியாகவே மதித்துச் சண்டை போடுவார். இதெல்லாம் விளையாட்டுத்தானே என்று பார்வையாளரைப் பார்த்துக் கண்சிமிட்டுகிற வேலையை அவர் ஒருநாளும் செய்ததில்லை. அவர் நம்பினார். அதனால் மணலில் உட்கார்ந்திருந்த நாங்களும் நம்பினோம்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் அமெரிக்காவில் ஒருவர் இதையே செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு வெகு பின்னால்தான் தெரிந்தது. 1966 ஜனவரியில் அங்கே தொலைக்காட்சியில் 'பேட்மேன்' தொடர் தொடங்கியது. ஆடம் வெஸ்ட் என்ற நடிகர் முகமூடியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு, எத்தனை அபத்தமான ஆபத்திலும் முகம் மாறாமல், ஆசிரியர் பாடம் நடத்துகிற நிதானத்தோடு வசனம் பேசினார். மொத்தம் 120 பகுதிகள். 1968 மார்ச்சில் முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்த வேடம் அவரை விடவில்லை. வேறு நல்ல வேஷம் கிடைக்காமல் பல வருஷம் சிரமப்பட்டார். 2017 ஜூன் 9 அன்று அவர் தமது 88ஆவது வயதில் இறந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமன்றக் கட்டடத்தின்மேல் வௌவால் சின்னத்தை ஒளியாய்ப் பாய்ச்சினார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் கூடி நின்று பார்த்தார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது அவர்கள் யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களை மாதிரி ஆட்கள்தான்.

அந்தக் காலத்தில் ஜெய்சங்கர் ரசிகன் என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இல்லை. எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு மன்றம் உண்டு, கொடி உண்டு. சிவாஜி ரசிகர்களுக்கு நடிப்பைப் பற்றிப் பேச ஆயிரம் இருந்தது. என் தாய்மாமா எம்.ஜி.ஆர். பக்தர். "ஏன் மாப்ளே, தலைவர் படம் ராஜபாளையத்துல ஓடுது. பஸ்ஸுக்குக் காசு நான் தாரேன். நீ போயும் போயும் இந்தத் துப்பாக்கிக்காரன் படத்துக்குப் போறியே!" என்பார். பள்ளிக்கூடத்திலும் வாத்தியார்கள் இந்த மாதிரிப் படம் பார்த்தால் புத்தி கெட்டுவிடும் என்றார்கள். எங்களுக்கு மன்றமும் இல்லை, பலகையும் இல்லை. பம்புசெட் ரூம் சுவரில் கரியால் அவர் பேரை எழுதி வைத்தோம். தோப்புக்காரர் சுண்ணாம்பு அடித்து அழித்தார். மறுபடி எழுதினோம்.

அவரை ஏன் பிடித்தது என்று இப்போது யோசித்தால் எனக்குப் படுவது இதுதான். எம்.ஜி.ஆரை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஜெய்சங்கரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒல்லியான உடம்பு, ஒதுக்கி வாரிய தலை, வேகமான நடை. எங்கள் ஊரில் மில்லுக்குப் போகிற அண்ணன்மார் அதேபோல வாரிக்கொண்டு, அதேபோலக் கால்சட்டையை இறுக்கித் தைத்துக்கொண்டு போனார்கள். 1976இல் 'துணிவே துணை' வந்தது. இரவானால் ஊரே கதவடைக்கிற கிராமம், வெள்ளைச் சேலையில் ஒரு பெண் உருவம். இரண்டாம் ஆட்டம் விட்டுத் தென்னந்தோப்பு வழியே வீட்டுக்கு நடந்த அந்த இரவில் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு போனோம். மேற்கே சதுரகிரி மலை கறுப்பாய் நின்றது. ஓலை உரசினால் நின்றுவிடுவோம். "ஜெய்சங்கர் போனாருல்ல, வாங்கடா" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். அதைச் சொன்ன பிறகுதான் கால் நகர்ந்தது.

1980இல் வந்த 'முரட்டுக்காளை' எங்களைக் கலங்கடித்துவிட்டது. ரஜினிகாந்த் கதாநாயகன், ஜெய்சங்கர் வில்லன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தோம். ரஜினி அடிக்க அடிக்கக் கொட்டகை ஆர்ப்பரித்தது. அடி வாங்குகிறவர் எங்கள் ஆள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி, ராஜபாளையத்தில் நூற்பாலையில் ஷிப்டு முடித்துவிட்டு நேரே வந்தவன், எழுந்து வெளியே போய்விட்டான். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தபோது ஜெய்சங்கர்மேல் மதிப்பு கூடியது. கதாநாயகனாய் அத்தனை வருஷம் ஓடிய ஒருவர், காலம் மாறிவிட்டது என்று தெரிந்ததும் வில்லனாக, அப்பாவாக, போலீஸ் அதிகாரியாக எந்த வேஷத்துக்கும் தயங்காமல் வந்து நின்றார். வில்லன் வேஷத்தையும் அதே நம்பிக்கையோடுதான் செய்தார்.

அவரை வைத்துப் படம் எடுத்தவர்களில் சிறு தயாரிப்பாளர்கள் அதிகம். அவருக்குக் கொடுத்து வங்கியிலிருந்து திரும்பி வந்த காசோலைகளைப் பற்றியும், அந்தப் பணத்தை அவர் விரட்டிக் கேட்காததைப் பற்றியும் திரையுலகத்தில் இன்னும் பேசுகிறார்கள். ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களுக்கு அவர் போய்வந்ததையும் சொல்கிறார்கள். மக்கள் கலைஞர் என்ற பட்டம் அவருக்கு இருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ பட்டம் கொடுத்த நாடு இது. அவருக்குக் கொடுத்தது பொருந்தியிருந்தது என்பேன்.

2000 ஜூன் 3 அன்று சென்னையில் அவர் இறந்தார். 61 வயது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டீக்கடையில் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். தாய்மாமா அப்போது இருந்தார். துப்பாக்கிக்காரன் என்று கேலி செய்தவர்தான். பேப்பரை என்னிடமிருந்து வாங்கி, படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல மனுசன்யா. யாரையும் வம்புக்கு இழுக்காதவரு" என்றார்.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் தென்னங்கன்று. ஒருகாலத்தில் வண்டி கட்டியும் நடந்தும் வந்த சதுரகிரி பக்தர்கள் இன்று காரிலும் வேனிலும் எங்கள் ஊரைத் தாண்டி மலையடிவாரத்துத் தாணிப்பாறைக்குப் போகிறார்கள். அமாவாசை வந்தால் சாலையைக் கடக்க முடியாது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் போய்விட்டது; ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ஒருமுறை அதன் முன்னால் இறங்கி நின்று பார்த்தேன். வாகனங்கள் பறந்துகொண்டிருந்தன. சுவர் சுழன்றதும் தரை பிளந்ததும் இந்த வளைவுக்குள்தான் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

துப்பாக்கிப் படம் பார்த்தால் புத்தி கெடும் என்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று முகமூடி போட்ட நாயகர்களின் படத்துக்கு முன்பதிவு செய்து குடும்பத்தோடு மதுரை போகிறார்கள். அதே குகை, அதே விளக்கு, உலகத்தை அழிக்கப் பார்க்கிற அதே வில்லன். ஒட்டுப்பலகைக்குப் பதில் கம்ப்யூட்டர். நானும் பேரனோடு போய்ப் பார்க்கிறேன், ரசிக்கிறேன். ஆனால் அந்த நாயகர்கள் நடுநடுவே தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வது எனக்கு ஒட்டவில்லை. ஜெய்சங்கரின் படத்தை இன்று பகடியாக வெட்டி ஒட்டிப் பரப்புகிறார்கள். அந்தச் சிரிப்பிலும் எனக்கு உடன்பாடில்லை. இருந்த காசில், கிடைத்த பலகையில், பார்க்க வந்தவனை ஏமாற்றக்கூடாது என்று முழு மனதோடு உழைத்த ஒருவர் அவர். 2010இல் சிம்புதேவன் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' அந்தக் கௌபாய் படங்களைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் கதை நடக்கிற ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பேர் வைத்தது. அது பிரியத்தில் செய்த வேலை. பார்த்ததும் புரிந்தது.

2024 செப்டம்பரில் சி.ஐ.டி. சகுந்தலா பெங்களூருவில் இறந்த செய்தி வந்தது. 'சி.ஐ.டி. சங்கர்' படத்தில் நடித்து, அந்தப் படத்தின் பேரையே காலமெல்லாம் முன்னால் சுமந்தவர். அன்று விலக்கு டீக்கடையில் பழைய ஆட்கள் தானாகவே கூடிவிட்டோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. 'முரட்டுக்காளை'க்குப் பாதியில் எழுந்து போனவனும் வந்தான். இப்போது ஒரு கண்ணில் புரை. கைப்பேசியில் 'வல்லவன் ஒருவன்' படத்தைப் போட்டுக் கண்ணுக்கு நெருக்கமாய்ப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று அடுத்த காட்சியை முன்கூட்டியே சொன்னான். ஒன்றுகூடத் தவறவில்லை.

டீ ஆற்றுகிற பையன் எட்டிப் பார்த்து, "யாரு தாத்தா இது?" என்றான்.

"ஜெய்சங்கர்டா. தெரியாதா?"

"பேரு கேட்டிருக்கேன். சண்டையெல்லாம் போடுவாரா?"

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டோம். ஒருவர் 'கங்கா' என்றார், ஒருவர் 'ஜக்கம்மா' என்றார். நான் 'துணிவே துணை'தான் முதலில் பார்க்க வேண்டியது என்று அடித்துப் பேசினேன். கூட்டாளி எல்லோரையும் கையமர்த்திவிட்டு, ஜூன் 3 அன்று சாவடியில் வேட்டியைக் கட்டி ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் போட்டே ஆகவேண்டும் என்றான். புரொஜெக்டர் வாடகைக்கு ராஜபாளையத்தில் கிடைக்கும், பேசிக்கொள்ளலாம் என்றான் ஒருவன். என்ன படம் என்பதில் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.