பாலாற்றுக்கு ஒரு குறிப்பாணை

பாலாற்றின் மேல் வழக்குப் போட வேண்டும். பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்தல், அனுமதியின்றிக் கூடுதல், அரசு ஊழியரைப் பணி செய்ய வைத்தல் என்று மூன்று பிரிவு. மூன்றாவது பிரிவில் ஜாமீனே கிடைக்காது.

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பழைய கிண்டல் ஒன்று வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். கோட்டைக்கு ராஜா மட்டும் பாக்கி. தேர்தலுக்குத் தேர்தல் சிலர் வந்து அளவு எடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆற்றுக்குத் தண்ணீர் 2021 நவம்பரில் வந்தது. எப்படி வந்தது? நாற்பது வருடம் பாக்கி வைத்திருந்த கடன்காரன் வட்டியும் முதலுமாக ஒரே ராத்திரியில் கொண்டுவந்து கொட்டியது போல வந்தது.

இந்தத் தண்ணீருக்காக நாம் கும்பிடாத தெய்வமில்லை, ஏறாத கோர்ட்டுமில்லை. நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் போய், மிச்சம் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில்தான் பாலாறு ஓடுகிறது. குப்பம் பக்கம் ஆந்திரம் அணை கட்டக் கூடாது என்று 2006-இலேயே தமிழகம் உச்ச நீதிமன்றம் போனது. தண்ணீர் விடு, தண்ணீர் விடு என்று இத்தனை வருடம் கேட்டவர்கள், ஒருவேளை விட்டுவிட்டால் எதன் மேல் நின்று அதைப் பார்ப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை.

2021 நவம்பர் 19 அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது. அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் செத்துப்போனார்கள். மோர்தானா அணை வழிந்து கௌண்டன்ய ஆறு குடியாத்தத்துக்குள் புகுந்தது. விரிஞ்சிபுரத்தில் பாலாற்றின் குறுக்கே இருந்த தரைப்பாலம் போனது. மாதனூரையும் உள்ளியையும் இணைத்த தரைப்பாலமும் போனது. விரிஞ்சிபுரத்துச் சாமியின் பெயரைத் தெரிந்துகொண்டால் இதன் ருசி கூடும்: மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர். மிளகு வணிகன் ஒருவனுக்குக் கள்வர் பயம் தீர வேடன் வடிவில் கூடவே நடந்து வந்த சாமி என்று தலபுராணம் சொல்கிறது. காட்டுவழியில் கள்வனிடமிருந்து காப்பாற்றிய சாமிக்கு, ஒப்பந்தப்புள்ளி வழியாக வருகிறவனை எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை.

வழக்குக்கு முன்னோடியாகப் பாலம் கட்டிய துறை ஆற்றுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

"பெறுநர்: பாலாறு, த/பெ நந்தி மலை. பொருள்: அளவுக்கு மீறி வந்தமை, விளக்கம் கோருதல், தொடர்பாக. தாங்கள் 19.11.2021 அன்று வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் சென்றதாகத் தெரியவருகிறது. இத்துறையின் கோப்புகளின்படி தாங்கள் ஒரு வறண்ட ஆறு ஆவீர்கள். மேற்படி நிலையைக் கருத்திற்கொண்டே தங்கள் குறுக்கே தரையோடு தரையாகப் பாலம் அமைக்கப்பட்டது. முன் அனுமதியின்றி நிறைந்து வந்தமைக்குத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற ஏழு நாள்களுக்குள் விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும்பட்சத்தில் தங்களிடம் சமாதானம் ஏதும் இல்லை எனக் கருதப்படும்."

இது நகைச்சுவைக்காக இட்டுக்கட்டியது என்று நினைப்பவர்கள் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தைப் பாருங்கள். தென்பெண்ணையாற்றில் அகரம்பள்ளிப்பட்டு உயர்மட்டப் பாலம், சுமார் 16 கோடி ரூபாய், 2024 செப்டம்பரில் திறப்பு. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்ததும் டிசம்பர் தொடக்கத்தில் பாலத்தின் நடுப்பகுதியைக் காணோம். மூன்று மாதம்! அரசுத் தரப்பு விளக்கம் என்ன? வினாடிக்குச் சுமார் 54 ஆயிரம் கனஅடிக்குக் கணக்குப் போட்டுக் கட்டினோம், வந்தது அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஆக, பாலம் சரி, ஆறுதான் தப்பு. அணையின் மதகைத் திறப்பதும் அரசு, அணைக்குக் கீழே பாலம் கட்டுவதும் அரசு. எவ்வளவு திறக்க நேரும் என்று மேல் ஆபீஸைக் கீழ் ஆபீஸ் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சிக்னல் கிடைத்திருக்காது.

"வரலாறு காணாத மழை" என்ற சொல் இங்கே எப்போதும் தயாராக இருக்கிறது. பாலாற்றைப் பொறுத்தவரை அது பச்சைப் பொய். வாணியம்பாடிக்குப் போனால் 1903 நவம்பர் வெள்ளத்தின் நினைவுத் தூண் இன்றைக்கும் நிற்கிறது. ஊரையே வாரிக்கொண்டு போன வெள்ளம் அது. வெள்ளைக்காரன் காலத்திலேயே வரலாறு கண்டு, கல்லை வெட்டி, நட்டும் வைத்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்துப் பாலத்துக்கு மதிப்பீடு போட்டவர் வாணியம்பாடி பஸ்ஸில் ஏறி அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வந்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். வெள்ளத்தைத் தாண்டி இன்னும் நிற்கிற ஒரே கட்டுமானம் வெள்ளத்துக்கான நினைவுத் தூண்தான் என்பதையும் கவனித்திருப்பார்.

தரைப்பாலம் எப்படி உடைகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. உடைந்த விளிம்பில் உட்கார்ந்து பார்த்தால் படிக்காதவருக்கும் புரியும். மேலே சுண்டுவிரல் கனத்துக்குத் தார். அதன் கீழே ஜல்லி, அதன் கீழே கிராவல், அதன் கீழே ஒன்றுமில்லை. நேற்றுவரை மணல் இருந்தது. குறுக்கே போட்ட ஹியூம் பைப்புகளின் வாயில் சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக் கவரும் தோல் துண்டும் அடைத்துக்கொண்டிருக்கும். பைப்புக்குள் போக வழியில்லாத தண்ணீர் சாலையின் மேலேறி அந்தப் பக்கம் விழுகிறது. விழுகிற இடத்தில் குழி பறிக்கிறது. குழி பின்னோக்கி நகர்ந்து சாலைக்கு அடியிலேயே வருகிறது. அப்புறம் அந்தரத்தில் தொங்குவது பாலமல்ல, வெறும் பலகை. ஒரு மணல் லாரி ஏறினால் போதும். இதற்கு மருந்தும் தெரிந்ததுதான். கீழ்ப்பக்கம் ஆழமான கட்-ஆஃப் சுவர், விழும் தண்ணீரைத் தாங்கப் பெரிய பாறைகளால் ஏப்ரன், கரை அணுகுசாலைக்குக் கல் பதிப்பு, தண்ணீர் தாராளமாகப் போகிற அகலத்தில் கண்கள். டிப்ளமோ முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அந்த மணல் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும். ஆற்றுப்படுகை ஆழமாகிவிட்டால் பாலத்தின் அடித்தளம் தானாக மேலே தெரிய ஆரம்பிக்கும். 2024 பிப்ரவரியில், மணல் விவகாரத்தில் அமலாக்கத்துறை முன் ஆஜராக வேண்டும் என்று ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஐந்தில் வேலூரும் ஒன்று. அவர்களை அனுப்ப முடியாது என்று அதுவரை மல்லுக்கட்டியது மாநில அரசு. பாலம் உடைந்ததற்கு மழையைக் குற்றவாளியாக்குகிற அதே வாய், மணல் போனதற்குச் சாட்சி சொல்ல மட்டும் வரமாட்டேன் என்கிறது.

இனி, சீரமைப்பு. நம் நிர்வாகத்தில் சீரமைப்பு இரண்டு ஜாதி: தற்காலிகம், நிரந்தரம். 2021 நவம்பரில் தமிழக அரசு ஒன்றிய அரசிடம் கேட்ட 2,629 கோடி ரூபாயில் 549 கோடி உடனடி வேலைக்கு, மீதியெல்லாம் நிரந்தரச் சீரமைப்புக்கு. கேட்டதில் தப்பில்லை. ஆனால் பேரிடர் நிதியின் உடனடிச் சீரமைப்பு விதி இருக்கிறதே, அதுதான் சூட்சுமம். உடைப்பை அடைக்கலாம், பள்ளத்தை நிரப்பலாம், மாற்றுப்பாதை போடலாம். உடைந்ததை முன்பைவிடப் பலமாகக் கட்டுவது அதன் வேலையில்லை. அதாவது, விழுந்தவனைத் தூக்கி அதே வழுக்குப்பாறையில் நிற்க வைக்கப் பணம் உண்டு. செருப்பு வாங்கித்தரப் பணம் இல்லை. அதுவும் எங்கே? உலகத்துக்கே செருப்பும் ஷூவும் தைக்கிற ஆம்பூரில்!

மாதனூரில் தற்காலிகம் எப்படி நடந்தது என்றால், ஆற்றுக்குள்ளேயே பைப்பைப் போட்டு மண்ணைக் கொட்டி ஒரு பாதை. அடுத்த வெள்ளத்தில் அதுவும் போனது. மறுபடி பைப், மறுபடி மண். ஆற்றுக்கு வருடாந்திரப் படையல் போல ஆகிவிட்டது. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது தெற்குக்கரை மாதனூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, வடக்குக்கரை உள்ளி வேலூரிலேயே நின்றது. ஒரே பாலம், இரண்டு கலெக்டர். வெள்ளம் எந்த மாவட்டத்தில் முதலில் பாலத்தைத் தொட்டது என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று கேட்காமல் விட்டார்களே, அதுவரை புண்ணியம்.

இந்தப் பாலத்தில் யார் போகிறார்கள்? காலையில் குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வருகிற பெண்கள். வீட்டில் உலை வைத்துவிட்டு, டிபன் டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு, கம்பெனி வேனையோ பஸ்ஸையோ பிடிக்க ஓடுகிறவர்கள். தையல் லைனில் ஒரு சீட் காலியாக இருந்தால் லைனே நிற்கும். அதனால் கேட்டில் கருணைக்கு இடமில்லை. தரைப்பாலம் போன பிறகு பள்ளிகொண்டா சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. லேட் ஆனால் சம்பளம் பிடிப்பார்கள். கம்பெனிக்குப் போகாதவர்களுக்கு ஷூவின் மேல்பகுதியான 'அப்பர்' கட்டாக வீட்டுக்கே வரும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வண்டி வராத நாளில் கட்டும் இல்லை, கூலியும் இல்லை. ஐரோப்பாவில் ஒருவர் கால் நனையாமல் நடக்கப் போட்டுக்கொள்ளும் ஷூவைத் தைத்தவள், அந்த ஷூவைத் தைக்கப் போவதற்கே முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்கிறாள். இந்த இழப்பு எந்தச் சேத மதிப்பீட்டிலும் ஏறவில்லை. சேதப் படிவத்தில் சாலைக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு, மாட்டுக்கு உருப்படிக் கணக்கு உண்டு. அவளுக்குக் கட்டமே இல்லை.

வேகமாகச் செய்யத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதே 2021 டிசம்பர் கடைசியில் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது தெரிந்தது. சென்னை ரயில்களை ரத்து செய்தார்கள். ராத்திரி பகலாக ஆள் இறக்கி, சில நாள்களில் ரயிலை ஓட விட்டார்கள். சபாஷ். அந்தப் பாலத்தில் போகிறவர்கள் டிக்கெட் முன்பதிவு செய்தவர்கள். ஏசி பெட்டியிலிருந்து ட்வீட் போடுகிறவர்கள். தரைப்பாலத்தில் போகிறவள் ஆர்.ஏ.சி.யில்கூட இல்லை.

சாலை போடுவதில் நம் மாவட்டத்தின் திறமையை உலகமே பார்த்தது. 2022 ஜூனில் வேலூர் மாநகராட்சிப் பகுதியில் தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்துக் கான்கிரீட் சாலை போட்டார்கள். அடுத்த சில வாரங்களில் சத்துவாச்சாரியில் அடிபம்பைச் சேர்த்துக் கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டார்கள். நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பெருமைப்பட்டேன். ஒரு பைக்கை அசைக்க முடியாதபடி பூமியோடு பிணைக்கத் தெரிந்த கைகள் நம்மிடம் இருக்கின்றன. அந்தக் கைகளை ஏன் பாலாற்றுக்கு அனுப்பவில்லை? ஹியூம் பைப்பை அந்தப் பைக் மாதிரி பதித்திருந்தால் 1903 வெள்ளமே திரும்பி வந்தாலும் அசைந்திருக்காது.

மழை வந்தால் எல்லோருக்கும் நஷ்டம் என்றும் இல்லை. ஆறு நிறைந்து ஓடுகிற ராத்திரியில் சில தோல் தொழிற்சாலைகளுக்கு நல்ல காலம். தேக்கி வைத்த கழிவுநீரை வெள்ளத்தோடு சேர்த்து விட்டுவிடலாம் என்று கரையோரக் கிராமத்தார் வருடா வருடம் புகார் சொல்கிறார்கள். நுரை பாலத்துக்கு மேலே நிற்கிறது. தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றைப் பற்றி அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. ஒரு தரைப்பாலத்தின் ஆயுளைவிட ஒரு தீர்ப்பைப் படிக்க நம் துறைகளுக்கு ஆகும் காலம் அதிகம்.

வேலை நடக்கிற இடத்தில் ஒரு பலகை வைப்பார்கள்: பணியின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர், முடிக்க வேண்டிய நாள். பெயிண்ட் காய்வதற்குள் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இனிமேல் பாலாற்றில் கட்டுகிற ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது நிரந்தரமாக நிற்கட்டும். கூடவே மூன்று வரி சேர்க்கட்டும்: எத்தனை கனஅடிக்குக் கணக்குப் போட்டார்கள், கணக்குப் போட்ட பொறியாளர் யார், உடைந்தால் எத்தனை வருடம்வரை ஒப்பந்ததாரர் சொந்தக் காசில் கட்டித்தர வேண்டும். கல்லில் வெட்டி, வாணியம்பாடித் தூண் அளவு உயரத்தில், இரண்டு மாவட்டத்துக்கும் தெரிகிற மாதிரி நடட்டும். நடுகிற வேலையை மட்டும் அதே ஆளுக்குக் கொடுக்காமல் இருந்தால் சரி.