இரண்டு மாப்பிள்ளைகள்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போயிருந்தால் நிம்மதி. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். இது வேறு வகை. பொத்தானை அழுத்தினால் விளக்குகள் ஜோராக எரியும். சின்னதாக ஒரு பாட்டுப் பாடும். கதவு ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம்கூடக் கேட்கும். அப்பாடா என்று நாம் நாலடி நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் பீப், பீப், பீப். திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்.

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால் வீடு என்ன பாடுபடும்? என்ன குறை என்று அவர் வாய்திறந்து சொல்ல மாட்டார். காபியில் சர்க்கரை குறைந்ததா, மோதிரத்தில் தங்கம் குறைந்ததா, மச்சினன் ஏதாவது சொல்லிவிட்டானா என்று நாமாகவே துப்புத் துலக்க வேண்டும். அதே முறுக்குதான் இதுவும். என் மனைவி அதற்கு ‘மாப்பிள்ளை’ என்றே பெயர் வைத்துவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சமயத்தில் என் மாமனார் எங்களோடு வந்து தங்கியிருந்தார். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னையும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். “மாப்பிள்ளை எழுந்துட்டாரா?” என்று அவர் கேட்பார். “எங்கப்பா, தட்டிக்கூடப் பார்த்துட்டேன், அசையவே இல்லை” என்று இவள் சமையலறையிலிருந்து பதில் சொல்வாள். விசாரணை யாரைப் பற்றியது என்று பக்கத்து அறையில் போர்வைக்குள் படுத்திருக்கும் எனக்கே குழப்பமாக இருக்கும்.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக். திருகினால் ஓடும். தண்ணீர் ஊற்றினாயா, துணி போட்டாயா என்று ஒரு கேள்வி கேட்காது. கரகரவென்று அது பாட்டுக்குத் துவைத்துவிட்டு மணியடிக்கும். புதியது முன்கதவு வைத்த முழு ஆட்டோமேட்டிக். இதற்கு எல்லாமே நிரூபித்தாக வேண்டும். முதலில் கதவு. நாம் மூடினால் மட்டும் போதாது, பூட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு வில்லை மின்சாரத்தில் சூடாகி, அதை ஒட்டிய உலோகப் பட்டை வளைந்து, கொக்கி விழ வேண்டும். அந்த ‘டக்’ சத்தம் அதுதான். துவைத்து முடித்த பிறகும் கதவு உடனே திறக்காமல் நம்மைக் காக்க வைப்பதற்குக் காரணம், அந்த வில்லை ஆறவில்லை என்பதே.

அடுத்தது தண்ணீர். மெஷினுக்குக் கண் கிடையாது. தொட்டியின் அடியிலிருந்து மேலே போகும் ஒரு மெல்லிய குழாயில் காற்று அடைபட்டிருக்கும். தண்ணீர் ஏற ஏற அந்தக் காற்று அழுந்தும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் ‘இவ்வளவு வந்திருக்கிறது’ என்று அது கணக்குப் போடுகிறது. குறித்த நிமிடங்களுக்குள் கணக்கு நிறையவில்லை என்றால் வேலைநிறுத்தம்.

இவ்வளவும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் பீப் மட்டும்தான்.

எலெக்ட்ரீஷியன் வந்தார். அவருக்கு உலகத்தில் ஒரே நோய், லோ வோல்டேஜ். ஒரே மருந்து, ஸ்டெபிலைசர். மீட்டரை வைத்துப் பார்த்தார். 230 என்று காட்டியது. “இப்ப காட்டும் சார், ராத்திரி பாருங்க” என்றார். நாங்கள் ராத்திரியில் துவைப்பதில்லை என்றேன். “அதான் தெரியலை உங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனியின் இலவச எண்ணில் ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு பேசினார். “கதவு மூடியிருக்கா சார்? குழாய் திறந்திருக்கா சார்? பிளக் சொருகியிருக்கா சார்?” கேட்கும்போது அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்மேல் தப்பில்லை. கிளம்ப மாட்டேன் என்கிற மெஷின்களில் ஒரு பகுதி இந்தக் கேள்விகளிலேயே கிளம்பிவிடும். என்னுடையது அந்தப் பகுதியைச் சேர்ந்ததில்லை. “ஸ்விட்சை அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க சார்” என்றார் கடைசியில். போட்டேன். இப்போது பாட்டைப் பாடியது, விளக்கை எரித்தது, எந்தப் பொத்தானுக்கும் பதில் சொல்லவில்லை. திரையில் ஒரு குழந்தையின் சிரித்த முகம்.

குழந்தைப் பூட்டு! விடுமுறைக்கு வந்திருந்த மச்சினன் மகன் எதையோ அழுத்தியிருக்கிறான். வீட்டிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பொத்தானைக் குத்திப் பார்த்தோம். கடைசியில் அந்த ஏழு வயதுப் பிள்ளையே வந்து, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து மூன்று வினாடி அழுத்தித் திறந்துவிட்டுப் போனான். அது குழந்தைகளிடமிருந்து மெஷினைக் காப்பாற்றும் பூட்டு என்று கையேடு சொல்கிறது. நடைமுறையில் அது நம்மிடமிருந்துதான் காப்பாற்றுகிறது.

வேலைக்கு வரும் அக்கா மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார். “கீழே ஒரு மூடி இருக்கும்மா, அதைத் தொறந்து பாருங்க. நான் போற இன்னொரு வீட்டுல அதுல ஒரு பாதி மளிகைக் கடையே இருந்துச்சு.” அது அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் வடிகட்டி. திறப்பதற்கு முன் தட்டு வைக்க வேண்டும் என்பதைத் திறந்த பிறகுதான் கையேட்டில் கண்டோம். தேங்கியிருந்த தண்ணீர் யுடிலிட்டியைத் தாண்டிக் கூடத்துக்குச் சுற்றுப்பயணம் வந்தது. உள்ளேயிருந்து ஒரு ஹேர்பின், ஜாக்கெட் கொக்கிகள், சட்டைப் பொத்தான், ஐந்து ரூபாய் நாணயம், கூழாகிப்போன பஸ் டிக்கெட் ஆகியவை மீட்கப்பட்டன. நாணயத்துக்கு மூன்று பேர் உரிமை கோரினார்கள். ஹேர்பினுக்கு ஒருவரும் வரவில்லை. சுத்தம் செய்து மூடி, பொத்தானை அழுத்தினோம். பாட்டு, டக், தண்ணீர், மௌனம், பீப்.

அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். “மாப்பிள்ளை, உங்க டேங்க் எங்கே இருக்கு?”

“மொட்டை மாடியில மாமா.”

“நாம எந்த மாடியில இருக்கோம்?”

“மொட்டை மாடிக்கு அடுத்தது.”

“அதைச் சொல்லுங்க!”

டேப்பை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டார். எழுபது வயதுக்குமேல் ஒரு மனிதர் அவ்வளவு உற்சாகமாக ஏணி ஏறி நான் பார்த்ததில்லை. டேங்க்கின் அடிமட்டத்திலிருந்து எங்கள் குழாய் வரை உயரம் மூன்று மீட்டர்கூடத் தேறவில்லை. பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். அப்படியானால் எங்களுக்கு 0.3 பார்கூட இல்லை. பல மெஷின்களின் கையேடு கேட்பதே குறைந்தபட்சம் 0.3, சிலவற்றில் 0.5. தரைத்தளத்து வீட்டுக்கு அதே டேங்க்கிலிருந்து பன்னிரண்டு மீட்டர். அங்கே குழாயைத் திறந்தால் முகத்தில் அறையும். மேல்மாடி என்றால் காற்று வரும், வெளிச்சம் வரும் என்று கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்கினோம். இரண்டும் வந்தன. தண்ணீர் மட்டும் யோசித்து யோசித்து வந்தது.

முதன்முதலில் அமெரிக்காவில் 1937-இல் விற்பனைக்கு வந்த முன்கதவுத் தானியங்கி மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்ததாம். இல்லாவிட்டால் சுழலுகிற வேகத்தில் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். எங்களுடையதைக் கட்டிப்போட வேண்டிய அவசியம் எழவேயில்லை.

மாமனார் அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே சர்வீஸ் பையன் வந்து சேர்ந்தான். அறிக்கையைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. மெஷினை இழுத்தான், பின்னால் தண்ணீர்க் குழாயைக் கழற்றினான், குறடால் வால்வின் வாயிலிருந்து கட்டைவிரல் நுனியளவு ஒரு பிளாஸ்டிக் வலையைப் பிடுங்கினான். வெள்ளைச் சுண்ணாம்பும் துருவும் மணலும் அடைத்து, அது வலை என்பதற்கு எந்த அடையாளமும் இல்லாமல் இருந்தது. “போர் தண்ணி சார்” என்றான். “அக்கா, பழைய பிரஷ் ஒண்ணு குடுங்க.” தேய்த்தான், மாட்டினான், போட்டான். மெஷின் தண்ணீர் குடித்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் ஒரு மாப்பிள்ளை இடம்விட்டு அசைந்ததற்காக அத்தனை பேரும் கைதட்டியது அன்றுதான்.

மாமனார் முகம் வாடிவிட்டது. “அப்ப உயரம் காரணம் இல்லேங்கறியா?” என்றார். பையன் புத்திசாலி. “ரெண்டும்தான் சார். கீழ் வீட்டுல இதே அடைப்பு இருந்தாலும் பிரஷர்ல தள்ளிட்டு வந்துடும். உங்களுக்குத் தள்ள ஆள் இல்லை. வலையை அப்பப்ப கழுவுங்க. டேங்க் நிறைஞ்சிருக்கும்போது துணி போடுங்க.” மாமனார் அவனுக்குத் தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அப்படி ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. மொட்டை மாடியில் ஒரு பிரஷர் பம்ப் வைப்பதற்கு வரைபடமும் எஸ்டிமேட்டும் தயாரித்து, மூன்று நகல் எடுத்து, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வைத்தார். தரைத்தளத்துக்காரர் எழுந்து, “எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கும்போதே தண்ணி கூரையில அடிக்குது. எனக்கெதுக்குங்க பம்ப்பு? நான் ஏன் பங்கு தரணும்?” என்றார். நியாயமான கேள்விதான். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. மாமனார் ஊருக்குத் திரும்பினார்.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு வாட்ச்மேன்தான். மோட்டார் போட்டு டேங்க் நிறைந்ததும் மிஸ்டு கால் கொடுப்பார். முதல் வாரம் அருமையாக ஓடியது. நல்ல மனிதர், எங்களுக்கு மட்டும் கொடுப்பானேன் என்று மேல்மாடியிலிருக்கும் எல்லா வீட்டுக்கும் மிஸ்டு கால் கொடுக்கத் தொடங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஒரே நிமிடத்தில் பொத்தானை அழுத்தினார்கள். எல்லாம் ஒரே குழாயிலிருந்து பிரியும் கிளைகள். வரிசையாக எல்லா யுடிலிட்டியிலும் பாட்டு, டக், தண்ணீர், மௌனம். எதிர்வீட்டுப் பீப் முந்திக்கொண்டது.

மாமனாருக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, “அந்த எஸ்டிமேட்ல மூணாவது பக்கம் பாருங்க மாப்பிள்ளை, இதையும் போட்டிருக்கேன்” என்றார்.