அடுப்பு வித்தவன் நடத்துன சிரிப்புக் கடை

ஏலே பேராண்டி, செத்த இப்படி உக்காரு. ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ‘30 ராக்’ பாத்திருக்க. “டி.வி. நிகழ்ச்சி எடுக்கவன் படுத பாட்டையே நிகழ்ச்சியா எடுத்திருக்கான் தாத்தா”ன்னு வாயைப் பொளக்க. நானும் உங்கூட இருந்து பாத்தவன்தாம்ல. பொழப்பு தெரிஞ்சவ எழுதுனதுன்னு பாத்ததுமே புரிஞ்சுபோச்சு.

நியூயார்க்குல ராக்கஃபெல்லர் பிளாசான்னு ஒரு இடம். அதுல 30-ஆம் நம்பர் கட்டடம்தான் என்.பி.சி. சேனலோட தலைமை ஆபீசு. அங்க ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்குத் தலைமை எழுத்தாளரா இருந்தவ டீனா ஃபே. பட்ட பாட்டையெல்லாம் மூட்டை கட்டி வச்சிருந்தா. 2006-ல அதே சேனல்லயே அவுத்து வித்துட்டா. கெட்டிக்காரி! நீ ஆபீசுல படுத பாட்டை எங்கிட்ட ஓசியிலல்லா சொல்லி அழுத?

முதல் எபிசோடுலயே புது மேலதிகாரி வாரான், ஜாக் டோனகி. ஆலெக் பால்ட்வின் கட்டுன வேசம். அவன் பதவி என்ன தெரியுமா? கிழக்குக் கரை டெலிவிசனுக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் சேத்து வைஸ் பிரசிடெண்டு! சிரிக்காதல. அன்னைக்கு அந்தச் சேனலே அடுப்பு வித்த ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி கையிலதான் இருந்துச்சு. அடுப்பு வித்தவனுக்குச் சிரிப்பு விக்கத் தெரியாதா? அடுப்புல மூணு வகைச் சூட்டைச் சேத்துப் பேரு வாங்குனவன், கதைக்குள்ள வார சிரிப்பு நிகழ்ச்சிக்கும் மூணாவது சூடு வேணுங்கான். ட்ரேசி ஜோர்டான்னு ஒரு கிறுக்குப் புடிச்ச நடிகனைக் கொண்டாந்து இறக்குதான். உங்க ஆபீசுல புதுசா வாரவன் நாலு கட்டம், ரெண்டு அம்புக்குறி போட்டுப் பேசுதானே, அது மட்டும் என்னவாம்?

லிஸ் லெமன் பாவம். அந்த நிகழ்ச்சிக்குத் தலைமை எழுத்தாளர் அவதான்; டீனா ஃபேயே போட்ட வேசம். வரிசையில ஒருத்தன் குறுக்க பூந்துட்டான்னு, இருந்த ஹாட் டாக் அத்தனையையும் விலைக்கு வாங்கிட்டா. நியாயம் கேக்கப் போனவளுக்குக் கை நெறைய ரொட்டி. படிச்சவங்க கோவம் வேற எங்க போயி முடியும்?

இன்னொண்ணு கவனிச்சியா? ஏழு சீசன், 138 எபிசோடு. அவங்க தயாரிக்கிற நிகழ்ச்சியை ஒரு தடவையாவது உருப்படியா, முழுசாப் பாத்தியா? துண்டு துண்டா வந்துட்டுப் போகும். மத்த நேரம் பூரா அலப்பறை. சரக்கு எங்கன்னு தேடாதல. அலப்பறைதான் சரக்கு.

அதே வருசம், அதே சேனல்ல, இதே மாதிரிக் கதையை ‘ஸ்டூடியோ 60’ன்னு ஆரன் சோர்க்கின் எடுத்தான். பெரிய கை. ஒரு சிரிப்புத் துணுக்கு எழுத நெத்தியைச் சுருக்கி, அவ்வளவு விசாரம். ஒரே சீசன்ல கடையைக் கட்டிட்டாங்க. தன்னைப் பாத்துத் தானே சிரிச்சவளோ 2007, 2008, 2009-னு வரிசையா எம்மி விருதை அள்ளிட்டுப் போனா.

இப்பக் கெட்டியான சங்கதிக்கு வாரேன். கென்னத்துன்னு ஒரு பய. ஜார்ஜியாவுல ஸ்டோன் மவுண்டன் ஊருக்காரன். பன்னி வளத்த வீட்டுப் புள்ள. ஆபீசுல எடுபிடி. கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான், திட்டு வாங்குவான், அப்பவும் சிரிப்பான். படிச்ச எழுத்தாளனுவ அவனைப் பட்டிக்காட்டான்னு கேலி பண்ணுவானுவ. 2013 சனவரியில கதை முடியறப்ப சேனலுக்கே பிரசிடெண்டு யாருல? கென்னத்துதான்!

ஏன் தெரியுமா? அந்தக் கட்டடத்துல டி.வி.யை மனசார நேசிச்சவன் அவந்தான். மத்தவன் பதவியை நேசிச்சான், பவிசை நேசிச்சான், தன் மூஞ்சியை நேசிச்சான்.

நாளைக்கு ஆபீசு போனதும், உன் அட்டையில அடிச்சிருக்க நாலு வரிப் பதவியை ஒருக்கா வாசி. எங்கயாவது அடுப்பு ஒட்டியிருக்கான்னு பாரு. அப்படியே காபி கொண்டாரவன் பேரையும் கேட்டு வச்சுக்க. பின்னால லீவு கேக்க உதவும்.